புகாருக்கும் குற்றப்பத்திரிகைக்கும் இடையில்

பழைய கார் வாங்குமுன் பார்க்க வேண்டியவற்றைச் சென்ற அத்தியாயத்தில் சொன்னோம். இந்த அத்தியாயம், அவற்றையெல்லாம் பார்த்தோ பார்க்காமலோ ஏமாந்துபோய், புதுச்சேரியின் வில்லியனூர்க் காவல் நிலையத்திலோ பாகூர்க் காவல் நிலையத்திலோ மனு எழுதிக் கொடுத்துவிட்டு வீடு திரும்பியவருக்காகவும், அவர் ஏமாந்த அதே கடையில் மறுநாள் காலையில் முன்பணம் கொடுக்கப் போகும் இன்னொருவருக்காகவும் எழுதப்படுகிறது. இவ்விருவரும் ஒருவரையொருவர் அறியாதவர்கள்; ஒருவர் மங்கலத்துக்காரராக இருக்கலாம், மற்றவர் கிருமாம்பாக்கத்துக்காரராக இருக்கலாம்; ஆயினும் முதலாமவர் புகாருக்குப் பிறகு செய்வதும் செய்யாமல் விடுவதுமே இரண்டாமவருடைய பணத்தின் கதியை நிர்ணயிக்கின்றன.

புகார் கொடுத்தும் கடை திறந்திருக்கிறதே, ஆள் வெளியில் நடமாடுகிறாரே என்று மனம் புழுங்குவோர் முதலில் சட்டத்தின் போக்கைத் தெரிந்துகொள்வது நல்லது. 2024 ஜூலை 1 முதல் அமலில் இருக்கும் பாரதிய நியாய சன்ஹிதையில் ஏமாற்றிப் பொருளைப் பறிக்கும் குற்றம் 318ஆம் பிரிவின் நான்காம் உட்பிரிவில் வருகிறது. அதற்கு உச்சபட்சத் தண்டனை ஏழு ஆண்டு. விற்றுத் தரும்படி ஒப்படைத்த காரை ஒருவர் தம்முடையதுபோல் பாவித்து விற்றுவிட்டால் அது நம்பிக்கை மோசடி, 316ஆம் பிரிவு. ஏழு ஆண்டு வரையில் தண்டனை உள்ள குற்றங்களில் ஆளைப் பிடித்தவுடன் சிறைக்கு அனுப்பலாகாது, முதலில் அறிவிப்புக் கொடுத்து விசாரணைக்கு அழைக்க வேண்டும், கைது செய்வதானால் அதற்குக் காரணம் எழுத வேண்டும் என்று சட்டமும், 2014இல் அர்னேஷ் குமார் வழக்கில் உச்ச நீதிமன்றம் வழங்கிய தீர்ப்பும் சொல்கின்றன. ஆகவே, வியாபாரி வெளியில் இருப்பதைக் கண்டு, போலீஸார் காசு வாங்கிவிட்டார்கள் என்று டீக்கடையில் தீர்ப்புச் சொல்லிவிடுவது அவசரம். அதே சமயம் புதிய நடைமுறைச் சட்டத்தில், அதாவது பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதையின் 35ஆம் பிரிவில், கைது செய்வதற்கு நியாயமான காரணங்களுள் முதலாவதாகவே, அந்த நபர் மேலும் குற்றம் செய்யாமல் தடுப்பது என்பது எழுதப்பட்டிருக்கிறது. அந்தக் காரணத்தைப் போலீஸார் தாமாகக் கற்பனை செய்துகொள்ள முடியாது. புகாருக்குப் பின்னும் அதே கடையில் அதே வகையில் பணம் வாங்கப்படுகிறது என்பதற்கு யாராவது எழுத்துமூலம் ஆதாரம் கொடுத்தால்தான் அது கோப்பில் ஏறும். அதைக் கொடுக்கக்கூடியவர் பெரும்பாலும் முதலில் ஏமாந்தவரே.

இனி, கிராமத்தில் நடக்கும் சமாதானப் பேச்சைப் பற்றி விரிவாகவே சொல்ல வேண்டியிருக்கிறது, ஏனெனில் இந்த வியாபாரத்தில் இரண்டாவது மோசடிக்கு விதை விழும் இடம் அதுதான். புகார் போன சில நாளில் வியாபாரியின் மைத்துனரோ, இரு தரப்புக்கும் வேண்டிய ஊர்ப் பெரியவரோ, கட்சிக்காரர் ஒருவரோ வந்து, “கேஸ் கோர்ட்டுக்குப் போனால் பத்து வருஷம் இழுக்கும், பாதிப் பணத்தை இப்போது வாங்கிக்கொள்ளுங்கள், மீதியை மாசிக்குள் தந்துவிடுவார்” என்று நயமாகப் பேசுவார். ஏமாந்தவருக்கும் அது பிரியமான வார்த்தையாகத்தான் இருக்கும். கூட்டுறவு வங்கியில் நகையை அடகு வைத்துப் புரட்டிய பணம் அல்லவா? ஆனால் வியாபாரியின் கையில் ரொக்கம் இல்லாமல்தான் காரியங்கள் இவ்வளவு தூரம் முற்றின என்பதை நினைவில் வைத்துக்கொண்டு, அந்தப் பாதிப் பணம் எங்கிருந்து வருகிறது என்று ஒரு நிமிஷம் யோசிக்க வேண்டும். கடையில் நிற்கும் இன்னொரு காரைக் காட்டி, இன்னொருவரிடம் வாங்கப்பட்ட டோக்கன் அட்வான்ஸாக அது இருக்குமானால், நம் சமாதானத்தின் செலவைத் தாங்குகிறவர் நமக்கு முகமே தெரியாத மூன்றாம் மனிதர். ஒரு மடையை அடைப்பதற்காக அடுத்த மடையை வெட்டுவது பாகூர் ஏரிப் பாசனத்தில் எவ்வளவு நாள் நிலைக்குமோ அவ்வளவு நாள்தான் இந்த ஏற்பாடும் நிலைக்கும்.

பணமே வாங்கக்கூடாது என்று உபதேசம் செய்வது எளிது. பிறர் பணத்தைப் பற்றியது என்றால் இன்னும் எளிது. வாங்கலாம், வாங்கும் முறை ஒன்று உண்டு. வியாபாரியின் சொந்தப் பெயரில் உள்ள கணக்கிலிருந்து வங்கி வழியாகவே வாங்க வேண்டும். ரொக்கமாக வேண்டாம், சம்பந்தமில்லாத மூன்றாம் நபரின் கணக்கிலிருந்து ஜிபே மூலமாக வருவது அதைவிட அபாயம், ஏனென்றால் அந்த மூன்றாம் நபர் நாளைக்குத் தாமும் ஏமாந்ததாகப் புகார் கொடுத்தால், பணம் சென்ற சுவடு நம் கணக்கில் வந்து நிற்கும், கணக்கு முடக்கப்பட்டால் விளக்கம் சொல்ல வேண்டியவர் நாமாகிவிடுவோம். வாங்கிய தொகைக்கு ரசீது கொடுக்கும்போது, இது நஷ்டத்தின் ஒரு பகுதி, புகார் நிலுவையில் இருக்கிறது என்று எழுதி, அதன் நகலை விசாரணை அதிகாரியிடம் சேர்ப்பிக்க வேண்டும். முதல் தகவல் அறிக்கை பதிவான பிறகு ‘கேஸை வாபஸ் வாங்குவது’ என்பது புகார்தாரர் தாமாகச் செய்யக்கூடிய காரியம் அல்ல. 318ஆம் பிரிவின் நான்காம் உட்பிரிவுக் குற்றத்தை, ஏமாற்றப்பட்டவர் நீதிமன்றத்தின் அனுமதியோடுதான் சமரசம் செய்துகொள்ளலாம். ஸ்டேஷன் வராந்தாவில் வெள்ளைக் காகிதத்தில் எழுதி வாங்கப்படும் ‘இனி எனக்கு எந்த ஆட்சேபணையும் இல்லை’ என்ற வாசகம், அடுத்து வரும் புகார்தாரருக்கு எதிராகக் காட்டப்படும் ஒரு நற்சான்றிதழாக மாறுகிறது என்பதையும் கவனிக்க வேண்டும்.

இதைவிடப் பெரிய விபரீதம் ஒன்று உண்டு. கோபம் கொண்ட உறவினர்கள் நாலு பேர் கடைக்குப் போய், அங்கே நிற்கும் வேறு காரை ஈடாக ஓட்டிக்கொண்டு வந்துவிடுகிறார்கள் என்று வைத்துக்கொள்வோம். அந்தக் கார் வியாபாரியுடையது என்பது என்ன நிச்சயம்? நம்மைப்போலவே விற்றுத் தரும்படி நம்பிக் கொடுத்துவிட்டுப் போன ஒரு பள்ளி ஆசிரியருடையதாகவோ, தவணை பாக்கிக்காக ஃபைனான்ஸ்காரர்கள் தேடிக்கொண்டிருப்பதாகவோ அது இருக்கலாம். இரண்டாவது பாதிப்பை உண்டாக்கிய கை அப்போது நம்முடையதாகிவிடும். புகார்தாரராக இருந்தவர் குற்றவாளிக் கூண்டுக்கு இடம் மாறுவதும் சட்டப்படி சாத்தியமே. அவ்வாறே, தம் தலையில் கட்டப்பட்ட கோளாறான காரை, விஷயத்தைச் சொல்லாமல் வேறொருவர் தலையில் கட்டி நஷ்டத்தைக் கழிக்க நினைப்பவரும் சங்கிலியில் ஒரு கண்ணியாகிறார்.

புதுச்சேரியின் எல்லையைப் பற்றி இங்கே கொஞ்சம் பேச வேண்டும். பிரெஞ்சுக்காரர்கள் விட்டுப்போன கொம்யூன்களின் எல்லைக்கோடு எப்படிப்பட்டதென்பதை, வில்லியனூரிலிருந்து விழுப்புரம் சாலையில் பஸ்ஸில் போகிற எவரும் அறிவர். அரியூர் வரையில் புதுச்சேரி. கண்டமங்கலம் வந்தால் தமிழ்நாடு. அதைத் தாண்டினால் திருபுவனையும் மதகடிப்பட்டும் மறுபடி புதுச்சேரி. பாகூர்ப் பக்கமோ தென்பெண்ணையைத் தாண்டினால் கடலூர். நேர்மையான வியாபாரிக்கு இது வெறும் பூகோளம். நேர்மையற்றவனுக்கு இது ஓர் ஆயுதம். இங்கே புகார் முற்றியதும் கடையைச் சில கிலோமீட்டர் நகர்த்தி, மனைவியின் பெயரிலோ தம்பியின் பெயரிலோ புதுப் பலகை மாட்டிக்கொண்டால், வேறொரு மாநிலத்தின் போலீஸ், வேறொரு மாநிலத்தின் போக்குவரத்து அலுவலகம், பழைய புகாரை அறியாத ஜனங்கள். பணம் கொடுத்தது அரியூரில், கார் நின்றது கண்டமங்கலத்தில், கையெழுத்துப் போட்டது மதகடிப்பட்டில் என்றால், எந்த நிலையத்தில் போனாலும் ‘எங்கள் சரகம் இல்லை’ என்ற பதில் கிடைப்பது சகஜம். அதற்குப் புதிய நடைமுறைச் சட்டத்தின் 173ஆம் பிரிவு பரிகாரம் சொல்லியிருக்கிறது: குற்றம் எந்தச் சரகத்தில் நடந்திருந்தாலும் தகவலை வாங்கிப் பதிவு செய்ய வேண்டும், பிறகு உரிய நிலையத்துக்கு அனுப்பிக்கொள்ளலாம். ‘ஜீரோ எஃப்.ஐ.ஆர்.’ என்று வழங்குவது இதுதான். மின்னஞ்சல் போன்ற வழிகளில் அனுப்பிய தகவலானால் மூன்று நாளுக்குள் நேரில் போய்க் கையெழுத்திட வேண்டும். பதிவான அறிக்கையின் நகல் இலவசம். அதைக் கேட்டு வாங்காமல் வீடு திரும்பக்கூடாது. நிலையத்தில் மறுத்தால் காவல் கண்காணிப்பாளருக்குத் தபாலில் எழுதலாம். அங்கும் பலனில்லையேல் மாஜிஸ்திரேட்டிடம் மனுச் செய்யலாம்.

சரகம் ஒத்துக்கொண்ட பிறகும் இன்னொரு வார்த்தை எதிர்ப்படும்: “இது சிவில் விவகாரம், பணம் கொடுத்தீர்கள், கார் வரவில்லை, சிவில் கோர்ட்டுக்குப் போங்கள்.” இதை முழுவதும் சாக்குப்போக்கு என்று தள்ளிவிட முடியாது. வாக்குத் தவறுவது மட்டும் ஏமாற்றுக் குற்றம் ஆகாது, பணம் வாங்கும்போதே வஞ்சக எண்ணம் இருந்திருக்க வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் பல தீர்ப்புகளில் திரும்பத் திரும்பச் சொல்லியிருக்கிறது. ஒரு மனிதரின் மனத்துக்குள் அன்று என்ன இருந்தது என்பதை எப்படி நிரூபிப்பது? ஒரே காரைக் காட்டி மூன்று பேரிடம் முன்பணம் வாங்கியிருந்தால் நிரூபிப்பதில் சிரமமே இல்லை. ஒரு செயல் தற்செயலா, வேண்டுமென்று செய்ததா என்ற கேள்வி எழும்போது, அதே போன்ற செயல்களின் வரிசையில் அது ஒன்று என்பதைச் சாட்சியமாகக் காட்டலாம் என்று நம் சாட்சியச் சட்டம் நெடுங்காலமாக அனுமதித்து வருகிறது. ஆகையால் தனித்தனியே மானத்துக்கு அஞ்சி மறைத்துக்கொள்ளும் ஐந்து பேரைவிட, தேதி, தொகை, காரின் எண், பேசிய வார்த்தை ஆகியவற்றைத் தனித்தனி மனுக்களில் எழுதி ஒரே விசாரணை அதிகாரியிடம் சேர்க்கும் இரண்டு பேர் பலசாலிகள். ஒரே மனுவில் ஐவர் கையெழுத்துப் போடுவதை நான் சிலாகிப்பதில்லை. அவரவர் பரிவர்த்தனை அவரவர் வாயால் வந்தால்தான் சமரசம் ஒருவரோடு முடிந்தாலும் மற்றவர்களுடைய வழக்கு நிற்கும்.

இனிக் காகிதங்கள். காரை விற்றுத் தரும்படி ஒப்படைத்தவர் அநேகமாகப் பெயர் மாற்றத்துக்கான 29ஆம் எண், 30ஆம் எண் படிவங்களில் பெயரோ தேதியோ இல்லாமல் கையெழுத்திட்டு, ஆர்.சி. புத்தகத்தோடு கொடுத்திருப்பார், கடன் இருந்த காரானால் 35ஆம் படிவமும் சேர்ந்திருக்கும். புகார் கொடுத்த அன்றே செய்ய வேண்டிய வேலை, அந்தக் கையெழுத்துகளின் பலத்தைப் பிடுங்குவது. பதிவு செய்த போக்குவரத்து அலுவலகத்துக்கு, இன்ன எண்ணுள்ள வாகனம், இன்ன தேதியில் இன்ன கடையில் ஒப்படைக்கப்பட்டது, கையெழுத்திட்ட வெற்றுப் படிவங்கள் வியாபாரியிடம் இருக்கின்றன, இதுபற்றி இன்ன எண்ணில் புகார் நிலுவையில் உள்ளது, ஆகவே பெயர் மாற்றமோ தடையில்லாச் சான்றோ வழங்க வேண்டாம் என்று எழுதி, ஒப்புகை பெற்றுக்கொள்ள வேண்டும். வாகனப் பதிவுகளுக்கான ‘வாகன்’ தரவுத்தளத்தில் ஒரு வண்டியின்மீது பரிவர்த்தனைத் தடை போட முடியும். விசாரணை அதிகாரியும் அதே வேண்டுகோளை அனுப்பினால் அலுவலகம் தயங்காது. அத்துடன், அந்த வண்டிக்குரிய கைப்பேசி எண் இன்னும் தம்முடையதுதானா என்று சரிபார்த்து, ஓ.டி.பி. யார் கேட்டாலும் சொல்லாமல் இருக்க வேண்டும். ஃபாஸ்டாகை உடனே ரத்துச் செய்யத் துடிக்க வேண்டாம். விக்கிரவாண்டிச் சுங்கச்சாவடியில் பணம் பிடித்த குறுஞ்செய்தி ஒன்று, கார் எந்த நாளில் எந்தத் திசையில் போனது என்பதற்குக் கிடைக்கும் அருமையான தடயம்; அதைப் போலீஸாரிடம் காட்டிவிட்டு அவர்கள் யோசனைப்படி நடக்கலாம்.

பெயர் மாறாத கார் என்பது தலைக்குமேல் தொங்கும் கத்தி என்பதற்கு உதாரணம் தேடி அலைய வேண்டியதில்லை. 2025 நவம்பர் 10 அன்று டில்லிச் செங்கோட்டை அருகே வெடித்த கார், பழைய கார் வியாபாரிகள் வழியாகப் பலர் கைமாறியும் பெயர் மாறாமலே இருந்ததால், புலனாய்வு முதலில் சென்று நின்றது எப்போதோ அதை விற்றுவிட்ட பழைய உரிமையாளரிடத்தில்தான். விபத்து நஷ்டஈடு விஷயத்திலும் அப்படியே. 2018இல் நவீன் குமார் வழக்கில் உச்ச நீதிமன்றம், கார் எத்தனை பேர் கை மாறியிருந்தாலும் பதிவேட்டில் எவர் பெயர் இருக்கிறதோ அவரே உரிமையாளராகப் பொறுப்பேற்க வேண்டும் என்று தீர்ப்புச் சொன்னது. சட்டப்படி விற்றவர் அதே மாநிலத்துக்குள்ளானால் 14 நாளில் அறிவிக்க வேண்டும், வாங்கியவர் 30 நாளில் விண்ணப்பிக்க வேண்டும். தமிழ்நாட்டுப் பதிவுள்ள வண்டியைப் புதுச்சேரிக்குக் கொண்டுவருவதானால் தடையில்லாச் சான்றும் வேண்டும்.

இந்தச் சங்கடத்துக்கென்றே மத்திய சர்க்கார் மோட்டார் வாகன விதிகளைத் திருத்தி 2023 ஏப்ரல் 1 முதல் ஓர் ஏற்பாட்டைக் கொண்டுவந்தது. அதன்படி பழைய வண்டி வியாபாரம் செய்கிறவர் போக்குவரத்துத் துறையிடம் அங்கீகாரச் சான்று பெற வேண்டும். அது ஐந்தாண்டு செல்லும். உரிமையாளர் வண்டியை ஒப்படைத்ததும் 29சி என்ற படிவத்தின் மூலம் இணையதளத்தில் அறிவிப்புச் செய்தால், அந்த நொடி முதல் அந்த வியாபாரியே வண்டிக்கு உரிமையாளராகக் கருதப்படுவார். அதனால் நேரும் சம்பவங்களுக்கு அவரே பொறுப்பாளி. வண்டி கடையை விட்டு ஒவ்வொரு முறை வெளியே போவதற்கும் மின்னணுப் பயணப் பதிவேடு ஒன்று வைத்திருக்க வேண்டும். விதிகளை மீறினால் அங்கீகாரத்தை நிறுத்திவைக்கவும் ரத்துச் செய்யவும் அதிகாரம் உண்டு. நம் பிரச்சினைக்கு இந்தக் கடைசி வாக்கியமே மகத்தானது. கிரிமினல் வழக்கில் தண்டனை கிடைக்கும்வரை ஒருவர் நிரபராதியாகவே கருதப்பட வேண்டும். ஆனால் அங்கீகாரம் என்பது சில நிபந்தனைகளின்பேரில் கொடுத்த சலுகை. நிபந்தனை மீறப்பட்டதா என்று பார்க்க நிர்வாகம் குற்றவியல் தீர்ப்புக்காகக் காத்திருக்க வேண்டியதில்லை. நியூஸிலாந்து தேசத்தில் 2003ஆம் ஆண்டுச் சட்டப்படி மோட்டார் வியாபாரிகளுக்கென ஒரு பொதுப் பதிவேடும், வியாபாரத்திலிருந்து விலக்கப்பட்டவர்களின் பட்டியலும் எவரும் பார்க்கும்படி வைக்கப்பட்டிருக்கின்றன. வாங்குகிறவன் காவல் நிலையத்துக்குப் போகாமலே ஆளைத் தெரிந்துகொள்கிறான். நம் நாட்டில் அவ்வளவு தூரம் இன்னும் போகவில்லையாயினும், அங்கீகாரம் இல்லாமல் வியாபாரம் செய்கிறார் என்ற ஒரு வரியை, எஃப்.ஐ.ஆர். நகலோடு போக்குவரத்துத் துறைக்கு எழுதுவதில் தடை ஏதுமில்லை. கடைக்குத் தொழில் உரிமம் கொடுப்பது, 1973ஆம் ஆண்டின் கிராம, கொம்யூன் பஞ்சாயத்துச் சட்டத்தின்படி, நம் கொம்யூன் பஞ்சாயத்து. அதன் ஆணையருக்கும் ஒரு நகல் போகட்டும். உரிமம் எவர் பெயரில் இருக்கிறது என்ற தகவல்கூட, பலகை மாறும் காலத்தில் உபயோகப்படும்.

காரும் பணமும் எங்கே இருக்கின்றன என்பது அடுத்தது. போலீஸார் கைப்பற்றிய கார்கள் நிலையத்தின் முன் வெயிலிலும் மழையிலும் துருப்பிடித்துக் கிடப்பதை நாம் எல்லோரும் பார்த்திருக்கிறோம். அதைக் கண்டே பலர், கார் கைப்பற்றப்படுவதைவிட வியாபாரியிடமே இருந்தால் தேவலை என்று எண்ணிவிடுகிறார்கள். தவறு. வியாபாரியிடம் இருக்கும் கார் மறுபடி விற்கப்படும் கார். 2002இல் சுந்தர்பாய் அம்பாலால் தேசாய் வழக்கில், வாகனங்களை நிலையத்தில் நெடுநாள் போட்டுவைக்கலாகாது, புகைப்படமும் பிணையும் பெற்று உரியவரிடம் இடைக்காலமாக ஒப்படைக்க வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. புதிய நடைமுறைச் சட்டமோ 14 நாளில் விவரப் பட்டியல், அதன்பின் 30 நாளில் உத்தரவு என்று காலவரையறையே விதித்திருக்கிறது. ஆகவே கைப்பற்றச் செய்து, மாஜிஸ்திரேட்டிடம் இடைக்காலப் பொறுப்புக் கேட்பதுதான் கிரமம். அப்படிப் பெற்ற காரை நீதிமன்ற அனுமதியின்றி விற்கக்கூடாது.

பணத்தைப் பொறுத்தவரை வேகமே பிரதானம். இணையவழி விளம்பரத்தை நம்பி அனுப்பிய தொகையானால் 1930 என்ற இணையக் குற்ற உதவி எண்ணை உடனே அழைக்க வேண்டும். தாமதிக்கும் ஒவ்வொரு மணியிலும் பணம் வேறு கணக்குக்கு நழுவும். கடையில் நேரில் கொடுத்ததானால், வியாபாரியின் கணக்கு எண்ணையும் வங்கியையும் புகாரிலேயே எழுதி, அதை முடக்கும்படி கேட்கலாம். விசாரணையின்போது வங்கிக் கணக்கை முடக்கப் போலீஸாருக்கு அதிகாரம் உண்டென்பது 1999 முதல் தீர்ந்த விஷயம். இரண்டு லட்சம் ரூபாயும் அதற்கு மேலும் ரொக்கமாக வாங்குவதை 2017 முதல் வருமான வரிச் சட்டம் தடுத்திருக்கிறது. ரொக்கம் கேட்கிற வியாபாரி முதலில் அழித்துக்கொண்டிருப்பது நம் சாட்சியத்தைத்தான். பலபேர் ஏமாந்திருந்தால் நடைமுறைச் சட்டத்தின் 107ஆம் பிரிவு மிகவும் விசேஷமானது. குற்றத்தால் வந்த சொத்தை நீதிமன்றம் முடக்கி, எதிர்த்தரப்புக்கு 14 நாள் அவகாசம் கொடுத்து, பிறகு மாவட்ட ஆட்சியர் மூலமாகப் பாதிக்கப்பட்டவர்களுக்கு விகிதாசாரப்படி பகிர்ந்து கொடுக்க வழி செய்கிறது அது. கண்காணிப்பாளரின் ஒப்புதலோடு விசாரணை அதிகாரி கேட்க வேண்டிய காரியம் இது. கேட்கும்படி அவருக்கு எழுதுவது நம் பங்கு.

பிறகு ஜாமீன். நீதிமன்றத்தில் வியாபாரியின் ஜாமீன் மனு வரும் நாளை அறிந்து, அரசு வழக்கறிஞர் மூலமாகவோ தாமாகவோ ஆஜராவது ஏமாந்தவருக்கு உள்ள உரிமை. பாதிக்கப்பட்டவரின் குரல் ஒவ்வொரு கட்டத்திலும் கேட்கப்பட வேண்டும் என்று 2022இல் ஜக்ஜீத் சிங் வழக்கில் உச்ச நீதிமன்றம் சொல்லியிருக்கிறது. ஏழாண்டுத் தண்டனைக் குற்றங்களில் ஜாமீனோடு சேர்த்து விதிக்கப்படும் நிபந்தனைகளில் ஒன்று, அதே போன்ற குற்றத்தை மறுபடி செய்யலாகாது என்பது. அது மீறப்பட்டால் ஜாமீனை ரத்துச் செய்யக் கோரலாம். பெரும்பாலோர் ஜாமீனை எதிர்க்கும்போது ‘ஜாமீனே கொடுக்காதீர்கள்’ என்று மொட்டையாகக் கேட்கிறார்கள். நீதிமன்றம் அதை ஏற்பது அபூர்வம். விசாரணை முடியும்வரை பிறருடைய வண்டியை விற்பனைக்கு ஏற்கக்கூடாது, கடையில் உள்ள வண்டிகளின் பட்டியலைத் தாக்கல் செய்ய வேண்டும் என்று குறிப்பான நிபந்தனை கேட்டால் செவிசாய்ப்பதற்கு அதிக இடமுண்டு. வழக்கமாகவே ஏமாற்றிப் பிழைப்பவர் என்று காட்டக்கூடிய புகார்கள் பல சேர்ந்திருந்தால், நடைமுறைச் சட்டத்தின் 129ஆம் பிரிவின்படி நிர்வாக மாஜிஸ்திரேட் மூன்றாண்டு வரையில் நன்னடத்தைப் பிணைப்பத்திரம் எழுதி வாங்கலாம். இந்தப் பிரிவு நம் போலீஸாரால் ரௌடிகளுக்கென்றே ஒதுக்கிவைக்கப்பட்டதுபோல் ஆகிவிட்டது. ஆனால் அதன் வாசகத்தில் ஏமாற்றுதலும் பெயர் சொல்லி இடம் பெற்றிருக்கிறது.

இனி அந்த இரண்டாம் மனிதருக்கு, மறுநாள் காலையில் கடைக்குப் போகிறவருக்கு, இரண்டொரு வார்த்தை. வியாபாரியின்மேல் புகார் இருக்கிறதா என்று அவரையே கேட்பது பேதைமை. அங்கீகாரச் சான்றைக் காட்டச் சொல்லிக் கேட்பதும், எம்பரிவாகன் செயலியில் வண்டி எண்ணைப் போட்டுக் கடனும் தடையும் பார்ப்பதும், தேசியக் குற்ற ஆவணக் காப்பகத்தின் தளத்தில் திருட்டு வாகனமா என்று சோதிப்பதும் விவேகம். பதிவேட்டில் உள்ள உரிமையாளரின் விலாசத்துக்கு நேரில் போய், “இந்தக் காரை விற்கக் கொடுத்திருக்கிறீர்களா?” என்று கேட்டுவிட வேண்டும். பட்டணத்தில் இது கஷ்டம். நம் ஊர்களில் ஒரு சைக்கிள் தூரம். பதிவெண்ணில் பி.ஒய். என்ற எழுத்து இருப்பதனாலேயே உரிமையாளர் இந்த மண்ணில் வசிக்கிறார் என்று எண்ணிவிடலாகாது. வரியை மிச்சம் பிடிப்பதற்காகப் புதுச்சேரி விலாசங்களில் சொகுசுக் கார்களைப் பதிவு செய்ததாகக் கேரளத்துப் பிரமுகர்கள் சிலர்மீது 2017இல் எழுந்த வழக்குகள் விலாசம் எவ்வளவு சுலபமாகக் கிடைக்கும் பண்டம் என்பதைக் காட்டின. வெள்ளக் காரையும் மறக்க வேண்டாம். 2024 நவம்பர் 30 இரவு ஃபெஞ்சல் புயல் புதுச்சேரி அருகே கரை கடந்து, மறுநாட்களில் சாத்தனூர் அணைத் தண்ணீர் தென்பெண்ணையில் பெருகி வந்தபோது பாகூர்ப் பகுதி மூழ்கியதை இங்கே யாரும் மறந்திருக்க மாட்டார்கள். அந்தக் காலத்துக்கு முன் வாங்கிய கார் ‘ரொம்பக் கம்மி விலைக்கு’ வருமானால், சீட் பெல்ட்டைக் கடைசிவரை இழுத்துச் சேற்றுக்கறை பார்ப்பதும், இன்ஷூரன்ஸ் கம்பெனியிடம் நஷ்டஈட்டு வரலாறு கேட்பதும் நல்லது.

முதலில் ஏமாந்தவர் ஊரை எச்சரிக்க ஆசைப்படுவது நியாயமே. ஆனால் வாட்ஸாப்பில் ‘திருடன், ஏமாற்றுப் பேர்வழி’ என்று போட்டோவோடு பரப்பினால் அவதூறு வழக்குக்குத் தாமே கதவைத் திறந்துவிட்டவர் ஆவார். இன்ன நிலையத்தில் இன்ன எண்ணில் இன்ன தேதியில் வழக்குப் பதிவாகியிருக்கிறது என்ற நடந்த விஷயத்தை, விசேஷணம் எதுவும் சேர்க்காமல் சொல்வதே பத்திரமானது. கேட்பவருக்கு அது போதும்.

விசாரணை எந்த நிலையில் இருக்கிறது என்பதைப் புகார்தாரருக்கு 90 நாளுக்குள் போலீஸார் தெரிவிக்க வேண்டும் என்று நடைமுறைச் சட்டத்தின் 193ஆம் பிரிவு சொல்கிறது. அந்த நாளைக் காலண்டரில் குறித்துவைத்து, தகவல் வராவிட்டால் எழுதிக் கேட்க வேண்டும்; எழுதும்போது, இடைப்பட்ட நாளில் அதே கடையைப் பற்றித் தெரியவந்த புதிய சங்கதிகளையும் சேர்த்து எழுத வேண்டும். கிரிமினல் வழக்கு நடக்கிறதென்பதற்காக நுகர்வோர் ஆணையத்தை மறந்துவிடக் கூடாது. அங்கே இரண்டு ஆண்டுக்குள் போய்விட வேண்டும், கொடுத்த தொகை ஐந்து லட்சம் ரூபாய்க்கு மேற்படாதிருந்தால் கட்டணம் கிடையாது, வக்கீல் இல்லாமலும் வாதாடலாம். 1915 என்ற நுகர்வோர் உதவி எண்ணில் ஆரம்ப யோசனை கிடைக்கும்.